மில்டரி பித்தளையில் கிரிம்ப் எடுப்பது: புதிதாக ரீலோடிங் தொடங்குபவர்களுக்கு

ஓசூர் சிப்காட் டூல் ரூம்களில் கை பழகிவிட்டு டெக்சாஸ், அரிசோனா என்று போய்ச் சேர்ந்த நம்ம கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களில் சிலர் அங்கே ரேஞ்சுக்குப் போய் ரைபிள் சுடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள். சுட ஆரம்பித்தால் அடுத்து தோட்டாச் செலவு கண்ணில் படும், அப்புறம் சுட்டுப்போட்ட கேஸையே, அதாவது தோட்டாவின் பித்தளைக் கூட்டையே, மறுபடி நிரப்பலாமே என்று தோன்றும், அதுதான் ரீலோடிங். மலிவாகவும் மூட்டை மூட்டையாகவும் கிடைப்பது இராணுவத் தயாரிப்புப் பித்தளைதான். அதை வாங்கிக் கழுவி பிரஸ்ஸில் (லிவரால் அழுத்தும் கருவி) வைத்துப் புது பிரைமரை (கேஸின் அடிக்குழியில் உட்கார்ந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) ஏற்றினால் ஏறாது, நசுங்கும், கோணலாக நிற்கும். "அண்ணா, பிரஸ்ஸில் ஏதோ கோளாறு" என்று வாட்ஸ்அப்பில் படத்தோடு செய்தி வரும். பிரஸ்ஸில் ஒரு கோளாறும் இல்லை. பிரைமர் குழியின் விளிம்பில் இருக்கும் கிரிம்ப் என்ற பூட்டை எடுக்காமல் ஏற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

படிப்படியாகச் சொல்கிறேன். டூல் ரூமில் இருந்தவர்களுக்கு இது ரொம்பச் சுலபம், ஏனென்றால் ரீமரால் ஓட்டையைச் செதுக்குவது, கேஜ் வைத்து அளவு பார்ப்பது, பர் என்ற பிசிறை எடுப்பது எல்லாம் தெரிந்த வேலை. மற்றவர்கள் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் போதும்.

சட்டத்தை முதலில் பேசிவிடலாம்

ஊரில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நம் நாட்டின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் தோட்டா என்றால் முழுத் தோட்டா மட்டுமில்லை, அதன் பாகங்களும் அதைச் செய்யும் எந்திரமும் அந்த விளக்கத்துக்குள் வருகின்றன. லைசென்ஸ் இல்லாமல் செய்வது குற்றம். அதிலும் 5.56, 7.62 என்று படைகள் பயன்படுத்தும் அளவுக் கேஸ் ஒரு வீட்டில் இருந்தால் விசாரணை எப்படிப் போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைக்கிராமங்களில் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைத்துவிடுங்கள் என்று போலீஸ் ஊர் ஊராகச் சொல்லிவரும் மாவட்டம் இது.

லீவுக்கு வரும்போது அண்ணன் பிள்ளைக்குக் காட்டலாம் என்று ஒரு காலிக் கேஸைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். பெங்களூர் விமான நிலையத்தில் ஸ்கேனரில் தெரிந்தால் கிருஷ்ணகிரி பஸ் ஏறுவதற்கு முன் காவல் நிலையம் ஏற வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. அங்கே சொந்தப் பயனுக்கு ரீலோட் செய்ய மத்திய சட்டப்படி லைசென்ஸ் வேண்டாம், விற்பதற்குச் செய்தால் வேண்டும். ஆனால் ஹெச்-1பி மாதிரித் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்று 1998இல் மத்திய சட்டத்தில் சேர்த்தார்கள். முறையான வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அந்தச் சட்டத்திலும் தோட்டா என்ற சொல்லுக்குள் காலிக் கேஸ், பிரைமர், வெடிமருந்து, குண்டு எல்லாம் அடங்கும். "நான் துப்பாக்கி வாங்கவில்லை, பித்தளைதானே வாங்கினேன்" என்பது செல்லாது. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. விசாவில் இருப்பவர்கள் வக்கீல் ஒருவரிடம் கேட்டுவிட்டுத்தான் பித்தளையைத் தொட வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுவதும் உண்டு.

கிரிம்ப் எதற்கு இருக்கிறது

பிரைமர் தன் குழியில் உட்காருவது பேரிங்கை ஹவுசிங்கில் அழுத்தி ஏற்றுவது மாதிரிதான், இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட். சாதாரணத் துப்பாக்கிக்கு அந்தப் பிடிப்பே போதும். தானியங்கித் துப்பாக்கியில் அப்படி விட முடியாது. வேகமாகச் சுடும்போது அழுத்தத்தில் பிரைமர் பின்னால் கழன்று வந்து டிரிக்கர் பகுதிக்குள் விழுந்தால் துப்பாக்கி நடுவில் நின்றுவிடும், போர்க்களத்தில் அது உயிர் போகிற விஷயம். அதனால் தொழிற்சாலையிலேயே பிரைமரை ஏற்றிவிட்டு, குழியின் விளிம்புப் பித்தளையைக் கொஞ்சம் உள்பக்கமாக நசுக்கிப் பூட்டிவிடுவார்கள். அதுதான் கிரிம்ப். பழைய பிரைமரைத் தள்ளி எடுத்த பிறகும் அந்த உதடு அங்கேயே நிற்கும், புதுப் பிரைமரின் வழியை மறிக்கும்.

இரண்டு வகையைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். ஒன்று, பிரைமரைச் சுற்றி முழு வட்டமாக ஒரு பள்ளம் தெரிவது, 5.56இலும் 7.62இலும் இதுதான் சாதாரணம். இன்னொன்று மூன்று அல்லது நான்கு இடத்தில் மட்டும் உளியால் குத்தியது மாதிரி இருப்பது, பழைய .30-06 இராணுவத் தோட்டாக்களில் இது வரும். எடுக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றே.

பிரித்து வைப்பதில் அவசரம் வேண்டாம்

கேஸின் அடியைத் திருப்பிப் பாருங்கள். எல்.சி என்ற எழுத்தும் இரண்டு இலக்கமும் இருந்தால் அது மிசௌரி மாநிலத்தில் இண்டிபென்டன்ஸ் ஊரில் இருக்கும் லேக் சிட்டி ஆலையின் தயாரிப்பு, இலக்கம் தயாரித்த வருடம். வட்டத்துக்குள் கூட்டல் குறி இருந்தால் நேட்டோ முத்திரை. இப்படி ஆலை வாரியாகப் பிரித்துத் தனித்தனி டப்பாவில் போடுங்கள். எல்லாம் பித்தளைதானே என்று ஒன்றாகக் கொட்டினால் பின்னால் ஸ்வேஜ் செய்யும்போது (கிரிம்பை வெட்டாமல் தள்ளி எடுக்கும்போது) தலைவலி, ஏன் என்று அங்கே சொல்கிறேன்.

பிரிக்கும்போதே கழிக்க வேண்டியதையும் கழித்துவிடலாம். காந்தம் ஒட்டினால் இரும்புக் கேஸ், வேண்டாம். அலுமினியமும் வேண்டாம். வாயில் வெடிப்பு, கழுத்தில் கீறல், அடியில் புகைக்கறை கசிந்த அடையாளம், இதெல்லாம் ஸ்கிராப். வாய் கொஞ்சம் சப்பையாக இருந்தால் பரவாயில்லை, டையில் (பிரஸ்ஸில் மாட்டும் அச்சு) நிமிர்ந்துவிடும். உடம்பில் கூர்மையாக மடங்கியிருந்தால் தூக்கிப் போடுங்கள்.

டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். அடியில் நடுவில் ஒரே ஓட்டை இருந்தால் பாக்ஸர் வகை, நமக்கு வேண்டியது அதுதான். இரண்டு சின்ன ஓட்டை பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பெர்டான். அதைத் தெரியாமல் பிரஸ்ஸில் வைத்து அழுத்தினால் பிரைமரைத் தள்ளும் பின் (ஊசி) உடையும். வெளிநாட்டுச் சர்பிளஸ் தோட்டாக்களில் பெர்டான் நிறைய வரும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. நிறைய மில்டரி பித்தளை மெஷின் கன்னிலோ தளர்ந்த சேம்பரிலோ (தோட்டா உட்காரும் அறை) சுட்டதாக இருக்கும், கேஸ் நீண்டிருக்கும். அடி விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் அளவுக்குள் உடம்பைச் சுற்றிப் பளபளவென ஒரு வளையம் தெரிந்தால் அங்கே உள்சுவர் மெலிந்திருக்க வாய்ப்பு உண்டு. ஒரு ஜெம் கிளிப்பை நிமிர்த்தி நுனியைக் கொக்கி மாதிரி வளைத்து, கேஸுக்குள் விட்டுச் சுவரோடு உரசி மேலே இழுங்கள். ஓரிடத்தில் பள்ளத்தில் இறங்குவது கைக்குத் தெரிந்தால் அந்தக் கேஸ் அடுத்த முறை இரண்டாகப் பிய்ந்துவிடும். யோசிக்காமல் கழித்துவிடுங்கள்.

பழைய பிரைமரைத் தள்ளுவது

பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இதில் சமரசமே கிடையாது. மூட்டைக்குள் எங்காவது சுடாத பிரைமர் ஒன்று கிடக்கும். பிரைமரின் நடுவில் ஊசி குத்திய குழி இல்லையென்றால் அது உயிரோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பிரஸ் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

தள்ளுவதற்கு யுனிவர்சல் டீகேப்பிங் டை என்று தனியாக விற்கிறார்கள். அதையே வாங்குங்கள். கேஸை அளவுக்குக் கொண்டுவரும் சைசிங் டையிலேயே பின் இருக்கிறதே என்று மண்ணும் கரியுமாக இருக்கும் கேஸை அதற்குள் விட்டால் டையின் உள்சுவரில் கோடு விழும், அந்தக் கோடு அப்புறம் எல்லாக் கேஸிலும் பதியும். கிரிம்ப் போட்ட பிரைமர் வெளியே வர வழக்கத்தைவிட அதிக அழுத்தம் கேட்கும். லிவரை ஓங்கி அடிக்காமல் சீராக அழுத்துங்கள், பின் வளையாது. உபரிப் பின் நாலைந்து கையில் இருக்கட்டும்.

கழுவல்

பிரைமர் புகையில் ஈயம் இருக்கிறது. உலர்ந்த மீடியாவில் (தேய்த்துச் சுத்தம் செய்யும் துகள்கள்) சுழற்றிச் சுத்தம் செய்தால் அந்தத் தூசு காற்றில் பறக்கும், வீட்டுக்குள் செய்யாதீர்கள், மாஸ்க் போடுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். ஈரமுறையில், அதாவது தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, சிட்டிகை சிட்ரிக் அமிலம், மெல்லிய ஸ்டீல் ஊசிகள் எல்லாம் டிரம்மில் போட்டுச் சுழற்றினால் தூசு இல்லை, பிரைமர் குழியும் சுத்தமாகிவிடும். சிட்ரிக் அமிலம் கூடிப்போனால் பித்தளை இளஞ்சிவப்பாக மாறும், மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் கரைந்துவிட்டது என்று அர்த்தம்.

நம்ம வீட்டில் குத்துவிளக்கைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்ப்பார்கள், அந்த ஞாபகத்தில் இங்கே உப்பைக் கொண்டுவராதீர்கள், கழுவாமல் விட்ட உப்பு குழிக்குள் இருந்துகொண்டே அரிக்கும். அதைவிட மோசமானது அம்மோனியா கலந்த பாலிஷ். அழுத்தம் ஏறிய பித்தளையில் அம்மோனியா வெடிப்பு விழச் செய்யும். இது நம் நாட்டிலேயே தெரியவந்த கதைதான். பிரிட்டிஷ் படை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்களின் பித்தளையில் தானாகவே வெடிப்பு விட்டது. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியாவும் ஈரமும், கேஸ் செய்யும்போது உள்ளே தங்கிய இழுவிசையும் சேர்ந்துதான் அதற்குக் காரணம் என்று 1921இல் விளக்கினார்கள். மாட்டுக்கொட்டகை பக்கத்தில் பித்தளைப் பொருள் வைத்திருந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

கழுவியதும் வெயிலில் துணி விரித்து உலர்த்துங்கள். அடுப்படி ஓவனில் வைக்க வேண்டாம், ஒன்று ஈயம், இன்னொன்று சூடு. அடிப்பகுதி சூட்டில் இளகிவிட்டால் அந்தக் கேஸ் அழுத்தத்தைத் தாங்காது, வெளியே பார்த்து அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

கிரிம்ப் எடுப்பது

இரண்டு வழி. வெட்டி எடுக்கலாம், அல்லது வெட்டாமல் ஸ்வேஜ் செய்து விளிம்பைப் பழைய இடத்துக்கே தள்ளலாம்.

வெட்டுவதற்குக் கையால் திருகும் ரீமர் கிடைக்கிறது, கார்ட்லெஸ் டிரில்லில் மாட்டுவதும் கிடைக்கிறது. நூறு இருநூறு கேஸ்தான் என்றால் இதுவே போதும், செலவும் குறைவு. ஆபத்து எங்கே என்றால், பழகாத கை ஆழமாக வெட்டிவிடும். கிரிம்ப் வளையம் போய், விளிம்பில் ஒரு சின்ன சேம்ஃபர் (சாய்வு) மட்டும் விழ வேண்டும். அதற்குமேல் வெட்டினால் பிரைமரின் பக்கச் சுவரைப் பிடிக்கிற பித்தளை குறைகிறது, அந்த இடத்தில் வாயு கசிந்து, கேஸின் அடியைத் தாங்கும் போல்ட் முகத்தில் குழி விழும். அதனால் ஆழமாகப் போகாமல் தடுக்கும் ஸ்டாப் உள்ள ரீமராக வாங்குங்கள். சாதாரண கௌண்டர்சிங்க்கை (ஓட்டையின் வாயைச் சாய்வாக வெட்டும் முனை) வைத்துச் செய்பவர்களும் உண்டு, கை நிதானமுள்ள ஃபிட்டர் செய்தால் சரி, புதிதாகத் தொடங்குபவர் செய்யக்கூடாது. டிரில்லில் மாட்டினால் வேகத்தைக் குறைத்து வைத்து, இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

என் ஓட்டு ஸ்வேஜுக்குத்தான். இதில் உலோகம் எதுவும் வெளியே போவதில்லை. டில்லான் சூப்பர் ஸ்வேஜ் 600 மாதிரி மேசையில் பொருத்தும் கருவியில் ஒரு கம்பி கேஸின் வாய் வழியாகப் போய் உள்அடியைத் தாங்கும், எதிர்ப்பக்கத்திலிருந்து கடினமான ஸ்டீல் முனை பிரைமர் குழிக்குள் நுழைந்து உதட்டைத் தள்ளும். ஆர்.சி.பி.எஸ் கம்பெனி விற்கும் செட் பிரஸ்ஸிலேயே மாட்டிக்கொள்வது, விலை குறைவு, வேலை மெதுவாக நடக்கும். ஆயிரக்கணக்கில் செய்பவர்களுக்கு மேசைக் கருவிதான்.

இங்கேதான் முதலில் ஆலை வாரியாகப் பிரித்ததற்கு அர்த்தம் வருகிறது. கேஸின் அடித்தடிமன் ஆலைக்கு ஆலை மாறும். உள்கம்பி தாங்குவது அந்த அடியைத்தான். ஒரு ஆலைக் கேஸுக்குக் கருவியை செட் செய்துவிட்டு, அடி தடித்த வேறு ஆலைக் கேஸை வைத்தால் ஸ்டீல் முனை தேவைக்கு மேல் ஆழமாகப் போய்க் குழி பெரிதாகிவிடும். அடி மெலிந்த கேஸை வைத்தால் கிரிம்ப் பாதி அப்படியே இருக்கும். ஒவ்வொரு டப்பா மாறும்போதும் செட்டிங்கைப் பாருங்கள், முதல் நாலைந்து கேஸைக் கேஜ் வைத்துப் பாருங்கள், அப்புறம் ஓட்டுங்கள். டூல் ரூமில் முதல் பீஸ் இன்ஸ்பெக்‌ஷன் இல்லாமல் எந்த வேலையாவது ஓடுமா?

லிவர் கடைசியில் லேசாக அமுங்கி "டக்" என்று தாண்ட வேண்டும். தொங்கி அழுத்த வேண்டியிருந்தால் செட்டிங் இறுக்கம். ஒன்றுமே தெரியாமல் போய் வந்தால் தளர்வு.

கேஜ்

ஸ்மால் ரைபிள் பிரைமர் குழியின் விட்டம் 0.1730 முதல் 0.1745 அங்குலம், அதாவது ஏறக்குறைய 4.39 முதல் 4.43 மில்லிமீட்டர். லார்ஜ் ரைபிளுக்கு 0.2085 முதல் 0.2100, அதாவது 5.30 முதல் 5.33 மில்லிமீட்டர். 5.56க்கு ஸ்மால், 7.62க்கும் .30-06க்கும் லார்ஜ். வித்தியாசம் எவ்வளவு குறைவு என்று பாருங்கள், இதை வெர்னியரின் உள்தாடையில் அளக்க முயல வேண்டாம், இவ்வளவு சின்ன ஓட்டையில் தாடையின் தட்டை முகமே அளவைக் குறைத்துக் காட்டும். கோ, நோ-கோ பின் கேஜ் தனியாக விற்கிறார்கள். கோ பக்கம் தடையில்லாமல் இறங்க வேண்டும், நோ-கோ பக்கம் வாயிலேயே நிற்க வேண்டும். கோ இறங்கவில்லை என்றால் கிரிம்ப் மிச்சம் இருக்கிறது, மறுபடி ஒரு முறை ஸ்வேஜ். நோ-கோ இறங்கினால் அந்தக் கேஸ் முடிந்தது, அதைச் சரிசெய்ய வழி தேட வேண்டாம்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு செலவழிப்பேன் என்று சொல்பவர் இந்தக் கேஜை வாங்கட்டும்.

சைசிங், நீளம், வாய்

இனிமேல் வருவது எந்த ரைபிள் பித்தளைக்கும் உள்ள வேலை, சுருக்கமாகப் போய்விடலாம். லூப் (வழுக்கும் பூச்சு) தடவாமல் சைசிங் டைக்குள் விடாதீர்கள், கேஸ் உள்ளே சிக்கிக்கொண்டால் அதை எடுப்பது தனி வேலை. அதே சமயம் கழுத்துக்குக் கீழே சரியும் தோள்பட்டைப் பகுதியில் லூப் தேங்கினால் பித்தளை அங்கே அமுங்கிக் குழியாகும். லானோலினும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் கலந்து தெளித்து, ஆல்கஹால் ஆவியாகும்வரை விட்டு வைப்பது நன்றாக வேலை செய்கிறது. மெஷின் கன்னில் சுட்ட பித்தளை அடிப்பக்கம் உப்பியிருக்கும், சாதாரண டைக்குப் பிறகும் உங்கள் துப்பாக்கியில் நுழையவில்லை என்றால் அடிப்பக்கத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கும் ஸ்மால் பேஸ் டை தேவைப்படலாம். சைஸ் செய்ததை ஒரு கேஸ் கேஜில் போட்டுப் பார்ப்பது நல்லது.

நீளத்தை சைஸ் செய்த பிறகுதான் அளக்க வேண்டும், ஏனென்றால் டைக்குள் போய் வரும்போது கேஸ் நீளும். .223க்கு (5.56இன் கடை வடிவம்) அதிகபட்சம் 1.760 அங்குலம், வாயை டிரிம் செய்து, அதாவது வெட்டி, 1.750க்குக் கொண்டுவருவார்கள். .308க்கு (7.62இன் கடை வடிவம்) 2.015, டிரிம் அளவு 2.005. இங்கே வெர்னியர் தாராளமாகப் போதும். டிரிம் ஆனதும் வாயின் உள்ளும் வெளியும் பர் எடுங்கள், கத்தி முனை மாதிரி ஆக்கிவிடாதீர்கள். கடைசியாக லூபைக் கழுவி உலர்த்துங்கள்.

7.62 நேட்டோ கேஸ் பொதுவாகக் கடையில் விற்கும் .308 கேஸைவிடச் சுவர் தடித்தது, உள்ளே இடம் குறைவு, அதே மருந்து அளவைப் போட்டால் அழுத்தம் கூடும். மருந்து விஷயத்துக்கு நான் போகப்போவதில்லை. அதற்கு அச்சிட்ட ரீலோடிங் கையேடு இருக்கிறது, அதில் குறைந்தபட்ச அளவிலிருந்து தொடங்குங்கள்.

புதுப் பிரைமர் ஏறும்போது

கைக்கருவியில் ஏற்றினால் விரலுக்கு எல்லாம் தெரியும். சீரான தடையோடு உள்ளே போய், அடியில் உட்கார்ந்ததும் நின்றுவிட வேண்டும். வாயிலேயே முட்டினால் அங்கேயே நிறுத்துங்கள், கேஸை எடுத்துக் கேஜ் வையுங்கள். முட்டுகிற பிரைமரை அழுத்தி ஏற்றப் பார்ப்பதுதான் இந்த வேலையிலேயே ஆபத்தான நிமிடம், அது கையிலேயே வெடிக்கலாம். தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் குழி தளர்ந்துவிட்டது, அந்தக் கேஸும் ஸ்கிராப். சரியாக உட்கார்ந்த பிரைமர் கேஸின் அடிமட்டத்தைவிட இம்மி உள்ளே, அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு தாழ்ந்து இருக்கும். விரலால் தடவினால் மேடு தட்டக் கூடாது. மேடு தட்டுகிற பிரைமர் தானாக ஏற்றும் துப்பாக்கியில் போல்ட் மூடும் வேகத்திலேயே வெடித்துவிடக் கூடும்.

கழித்த கேஸ்களின் வாயைக் கொறடால் நசுக்கிவிட்டு ஸ்கிராப் வாளியில் போடுங்கள், இல்லாவிட்டால் எப்படியோ நல்ல டப்பாவுக்குள் திரும்பி வந்துவிடும். நல்ல கேஸை டப்பாவில் போடும்போது ஆலை, வருடம், எத்தனை முறை நிரப்பியது, கிரிம்ப் எடுத்ததா என்று டப்பா மேல் மார்க்கரில் எழுதிவிடுங்கள். கிரிம்ப் எடுப்பது ஒரு கேஸுக்கு ஒரே ஒரு முறைதான், எடுத்ததையே மறுபடி ஸ்வேஜ் கருவியில் வைத்தால் குழிதான் பெரிதாகும்.